முந்தாநாளுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஆறாம் வகுப்பில் காலம் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். “நேத்துன்னா யெஸ்டர்டே. முந்தாநாளுக்கு என்ன சார்?”

‘தி டே பிஃபோர் யெஸ்டர்டே’ என்று கரும்பலகையில் எழுதுவேன். “அவ்வளவு நீளமா!” என்று சிரிப்பார்கள். நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் தேவைப்படுகின்றன என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் இடம் அது. ஆங்கிலப் பாடவேளை என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளும் அப்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்த ஆர்வம் அடங்குவதற்குள் சில பழைய சொற்களை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலில், ஆங்கிலத்திலும் முந்தாநாளுக்கு ஒரு சொல் இருந்தது: ‘எர்யெஸ்டர்டே’. ‘எர்’ என்றால் முன். நாளை மறுநாளுக்கு ‘ஓவர்மாரோ’. ‘ஓவர்’ என்பது அப்பால், ‘மாரோ’ என்பது மறுநாள். 1535இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட ஆங்கில விவிலியத்தில் ‘ஓவர்மாரோ’ வருகிறது. பிறகு இரண்டுமே வழக்கொழிந்தன. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் இதே அமைப்புள்ள சொற்கள் இன்றும் அன்றாடப் பேச்சில் உள்ளன.

அடுத்து ‘ஃபோர்ட்நைட்’. நாம் “பதினைந்து நாளுக்கு ஒருமுறை” என்று பேசிப் பழகியதால், மாணவர்கள் இதற்குப் பதினைந்து நாள் என்றே பொருள் எழுதுவார்கள். சொல்லைப் பிரித்துக் காட்டினால் போதும்: ‘ஃபோர்டீன் நைட்ஸ்’, அதாவது பதினான்கு இரவுகள். உள்ளே ‘நைட்’ இருப்பது தெரிந்துவிட்டால் எழுத்துப் பிழையும் வராது. பழைய ஜெர்மானிய மக்கள் நாள்களை அல்ல, இரவுகளையே எண்ணினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் எழுதியிருக்கிறார். ஒரு வாரத்துக்கும் ‘செவன் நைட்’ என்பதன் சுருக்கமாகச் ‘சென்னைட்’ என்ற சொல் இருந்தது. 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் அதைக் காணலாம்.

‘நூன்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. ஒன்பதாவது மணி என்னும் பொருள்கொண்ட இலத்தீன் தொடரிலிருந்து வந்த சொல் இது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது மணி ஏறக்குறைய பிற்பகல் மூன்று. கிறித்தவ மடங்களில் அது வழிபாட்டு நேரம். காலப்போக்கில் அச்சொல் நண்பகல் பன்னிரண்டுக்கு நகர்ந்துவிட்டது.

ஒன்பதாம் மாதமான செப்டம்பரின் பெயரில் ஏழு இருப்பது ஏன் என்றும் கேட்கலாம். ரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அதன்படி செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு மாறியபோதும் பெயர்கள் மாறவில்லை. எட்டுக் கைகள் கொண்ட ஆக்டோபஸையும், கணக்கில் வரும் டெசிமலையும் நினைவூட்டினால் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள்.

இவற்றை ஒரே நாளில் கொட்ட வேண்டாம். நாளுக்கு ஒரு சொல், ஐந்து நிமிடம் போதும். ஃபோர்ட்நைட், நூன் ஆகியவை இன்றும் வழங்குபவை, தேர்விலும் எழுதலாம். ஓவர்மாரோ, எர்யெஸ்டர்டே, சென்னைட் ஆகியவை தெரிந்துகொள்ள மட்டுமே என்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடமாக, தாத்தா பாட்டியிடம் காலம் குறிக்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நாழிகை, சாமம், பொழுது எனப் பட்டியல் நீளும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை என்றால் மொத்தம் எத்தனை நிமிடம் என்று கணக்கும் போடவைக்கலாம்.

பேசுவோர் கைவிட்டால் எந்த மொழியிலும் சொற்கள் மறையும். ஆங்கிலம் தன் முந்தாநாளை இழந்துவிட்டது. நம் பிள்ளைகளின் நாவில் அது இன்னும் இருக்கிறது. அதை அவர்கள் அறிந்தபின் ஆங்கிலம் கற்பது சற்று எளிதாகிறது என்பதை என் வகுப்பில் காண்கிறேன்.