முழங்கை வலி: ஊசியா, பயிற்சியா?

நெமிலி, இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரங்களில் தோல், காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் குடும்பங்கள் பல. தோல் வெட்டுதல், காலணியின் மேற்பகுதியைத் தைத்தல், பசையிட்டு மடித்துச் சுத்தியலால் தட்டுதல் ஆகிய வேலைகளில் கை ஒரே அசைவை நாள் முழுவதும் செய்கிறது. வீடு திரும்பிய பின் துணி பிழிவதும் குடம் தூக்குவதும் அதே கைதான். இதனால் முழங்கையின் வெளிப்புறத்தில் உண்டாகும் வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். டென்னிஸ் விளையாடாத எனக்கு இது எப்படி வந்தது என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். 1873இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்நோயை முதலில் விவரித்தபோது, அதை எழுதுவோருக்கு வரும் தொல்லையாகவே குறிப்பிட்டார். டென்னிஸின் பெயர் பின்னர்தான் சேர்ந்தது.

வலியின் காரணம்

மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைகள் ஒரு தசைநாணாக ஒன்றுகூடி, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் பொருந்தியுள்ளன. ஒரு பொருளை இறுகப் பற்றும் ஒவ்வொரு முறையும் இத்தசைநாண் இழுபடுகிறது. அன்றாடம் ஏற்படும் நுண்ணிய சிதைவு இரவு ஓய்வில் சீராகிவிடும். சிதைவு மிகுந்து சீராக்கம் பின்தங்கும்போது தசைநாணின் இழையமைப்பு குலைந்து வலுவிழக்கிறது. நாட்பட்ட வலியில் வீக்கத்தைவிட இந்த வலுவின்மையே முதன்மையானது. ஆகவே, வலியை அடக்குவதோடு நில்லாமல் தசைநாணை மீண்டும் வலுப்படுத்துவதே சிகிச்சையின் நோக்கம்.

நீர் நிரம்பிய சொம்பை உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கத் தூக்கும்போதும், துணி பிழியும்போதும் முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் இந்நோய் இருக்கக்கூடும்.

ஒரே ஊசியில் தீருமா?

கூலி இழப்பிற்கு அஞ்சி, ‘ஓர் ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்போர் உளர். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் ஒரு செய்தியை அறிந்து முடிவெடுங்கள். ஆஸ்திரேலியாவில் 198 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி பெற்றோரே மிகவும் நலமாக இருந்தனர். ஆனால் பின்னர், அவர்களுள் நால்வரில் ஏறக்குறைய மூவருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில், இயன்முறை சிகிச்சை பெற்றோரைவிட அவர்கள் பின்தங்கியிருந்தனர். வலி மறைந்ததும் வலுவற்ற தசைநாணின்மீது முழுச் சுமையை ஏற்றுவது இதற்கு ஒரு காரணமாகலாம். மேலும், நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வூசி சில நாள்களுக்குச் சர்க்கரை அளவை உயர்த்தும்.

வீட்டில் செய்யும் பயிற்சி

1. முன்கையை மேசைமீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மணிக்கட்டை விளிம்பிற்கு வெளியே நீட்டுங்கள். மறுகையால் புறங்கையை அழுத்தி, அசையவிடாமல் 30 விநாடி எதிர்த்து நில்லுங்கள். இவ்வாறு ஐந்து முறை.

2. ஓரிரு வாரங்களில் வலி சற்றுத் தணிந்ததும், அதே நிலையில் அரை லிட்டர் நீர்ப்புட்டியைப் பிடியுங்கள். மறுகையின் துணையால் மணிக்கட்டை உயர்த்தி, பின் துணையின்றி ஐந்து எண்ணும் வரை மெல்லக் கீழிறக்குங்கள். 15 முறை செய்து சிறிது ஓய்வு; இவ்வாறு மூன்று சுற்றுகள். மெல்ல இறக்குவதே இப்பயிற்சியின் உயிர்நாடி.

பயிற்சியின்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையையோ எண்ணிக்கையையோ குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டாம் வாரத்தில் பயனில்லை எனக் கைவிடாதீர்கள்.

வேலையிடத்தில்

முற்றிலும் ஓய்வெடுத்தால் தசை மேலும் மெலியும். சுமையைக் குறைத்துக்கொண்டு கையை இயக்குவதே நன்று. கத்தியும் கத்தரிக்கோலும் கூர்மையாக இருந்தால் பிடியின் அழுத்தம் குறையும். மெல்லிய கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். பொருள்களை முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேல்நோக்கியிருக்கத் தூக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கையைத் தளர்த்துங்கள். வேலை நேரத்தில் முழங்கைக்குச் சற்றுக் கீழே அணியும் பட்டை சிலருக்கு உதவும்.

ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளோர், உரிய பங்களிப்பு நாள்கள் நிறைந்திருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டிற்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். விடுப்பு தேவைப்படுவோர் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்கு

வெளியே வீக்கமோ காயமோ தெரியாததால் இவ்வலியைச் சாக்கு என எண்ணிவிட வேண்டா. துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் சில வாரங்கள் நீங்கள் ஏற்றுக்கொண்டால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உடனே மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

விரல்களில் மரத்துப்போதல், கழுத்திலிருந்து கைக்குப் பரவும் வலி, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல், கீழே விழுந்தபின் கையை நீட்ட இயலாமை ஆகியவை வேறு நோய்களைக் குறிக்கலாம். அந்நிலையில் பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றவர்களும் முதல் முறை பயிற்சியை எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது நலம்.