ஆடியில் பிரிக்கலாம், ஆவணியில் குடி போகலாம்

கொண்டப்பநாயக்கன்பட்டி மாதிரியான ஏற்காட்டு மலையடிவார ஊர்களில், சுற்றிலும் இடம் விட்டு ஆசையாக வீடு கட்டியவர்கள் பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. கோரிமேட்டைத் தாண்டி அஸ்தம்பட்டிப் பக்கம், ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் கிட்டத்தில், இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்து முன்பணமும் கொடுத்தாயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தை அதற்குள் எப்படி அடக்குவது என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆடி மாதத்தை வீணாக்காதீர்கள். ஆடியில் நம் பக்கம் யாரும் குடி போவதில்லை. அதனாலேயே ஆனிக் கடைசியில் வண்டிக்கும் ஆளுக்கும் அடிபிடி நடக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கிடைக்கும் அந்த ஒரு மாதம் சாமான்களைப் பிரித்து வைக்கவே அமைந்த மாதம். ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவதற்கும் ஆடிப் பதினெட்டுக்கும் மகள்களும் மருமகன்களும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள். யாருக்கு எது வேண்டும் என்பதை எல்லோரும் இருக்கும்போதே பேசி முடித்துவிடலாம். போனில் கேட்டால் "நீங்களே வெச்சுக்கங்கம்மா" என்றுதான் பதில் வரும். பொருளைக் கண்ணெதிரில் பார்த்தால்தான் எடுத்துக்கொள்ளத் தோன்றும், வேண்டாம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வரும். "எடுத்துக்கறேன், கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கொஞ்ச நாள் பத்து வருஷமாகும்.

பொருளைத் தொடுவதற்கு முன் ஃபிளாட்டின் சாவியை ஒரு மணி நேரம் வாங்கி, டேப்போடு போய் அளந்து வாருங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிட்டு, எது நல்ல சாமான், எது பழையது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் பார்த்தால் எல்லாமே நல்ல சாமான்தான். அங்கே இதற்கு எந்தச் சுவர் என்று கேளுங்கள், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். படுக்கையறை பத்துக்குப் பத்து என்று வையுங்கள். உங்கள் தேக்குக் கட்டில் ஆறடி அகலம், ஆறரை அடி நீளம். ஸ்டீல் பீரோ 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பீரோவுக்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருப்பதாகத் தெரியும். ஆனால் சுவர்ப் பக்கம் படுப்பவர் ராத்திரி பாத்ரூம் போக இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அந்த வயதில் அது கூடாது. கட்டிலை நடுவில் போட்டால் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி வழி கிடைக்கும். கால்மாட்டில் மிஞ்சுவது 42 அங்குலம். அங்கே பீரோவை வைத்தால் நடக்க 23 அங்குலம், பீரோக் கதவு திறக்க 18 அங்குலம். நெருக்கடிதான், ஆனாலும் புழங்கலாம். இதோடு அறைக் கதவும் பாத்ரூம் கதவும் திறக்கும் இடத்தைக் கழித்தால், அந்த அறையில் ஒரு பீரோதான் நிற்கும். உங்களிடம் இருப்பது மூன்று. மகளுக்குச் சீர் கொடுத்தது போக மிஞ்சியது ஒன்று, மாமியாரோடது ஒன்று, உங்களோடது ஒன்று. எதை வைத்துக்கொள்வது என்பது இப்போதே முடிவாக வேண்டியது. ஆவணியில் வண்டி வாசலில் நிற்கும்போது அதைப் பேச நேரம் இருக்காது. லிஃப்ட்டின் அளவையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் அதே டேப்பால் அளந்துவிடுங்கள். ஆறரை அடி பீரோ அந்தத் திருப்பத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

அட்டாலிதான் மிகவும் கஷ்டமான இடம். சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிய 1980களில் கல்யாணம் ஆனவர்கள் வீட்டில் இரண்டு செட் பாத்திரம் இருக்கும். அம்மா வீட்டுப் பித்தளை ஒன்று, பின்னால் சேர்ந்த எவர்சில்வர் ஒன்று. இறக்கித் துடைத்தால் அண்டாவின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கும்: யார் கொடுத்தது, எந்தத் தேதி. அதைப் படித்துவிட்டு "எதுக்காச்சும் ஆகும் கண்ணு, இருக்கட்டும்" என்பார் வீட்டுப் பெரியவர். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் தூங்கும்போது கடைக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். அது அவர் நடத்திய குடித்தனம், எது போக வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மூட்டைதான் பிரிய முடியும் என்றால் அப்படியே ஆகட்டும். அதற்காகத்தான் ஆடி மாதம் முழுவதையும் ஒதுக்கச் சொன்னேன். என் கருத்து: பெயர் வெட்டியதில் தினமும் கைபடக்கூடிய சின்னப் பாத்திரம் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, அண்டாவும் தவலையும் விசேஷம் நடக்கும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். தங்கை மகன் வீட்டில் இருந்தாலும் அது குடும்பத்தில்தான் இருக்கிறது.

விற்பதானால் செம்பையும் பித்தளையையும் வெண்கலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். செம்புக்குப் பித்தளையைவிட விலை அதிகம். கலந்து கொண்டுபோனால் எல்லாம் பித்தளைக் கணக்கில்தான் போகும். இரண்டு கடையில் விசாரிக்காமல் இறக்காதீர்கள்.

சுவரில் மாலையோடு தொங்கும் அப்பத்தா, தாத்தா படங்களுக்கு ஃபிளாட்டில் இடம் இருக்காது. ஸ்டுடியோவில் கொடுத்து ஏ4 அளவில் பிரதி எடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டால் பூஜை அலமாரியிலேயே வைத்துவிடலாம். மூலப் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது ஸ்டுடியோக்காரரே பிரிக்கட்டும். ஈரம் பட்ட பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், இழுத்தவுடன் முகம் உரிந்துவிடும். அந்த மாதிரிப் படத்தைக் கண்ணாடியோடேயே நகல் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கல், அம்மி, உரல் இவற்றைத் தோட்டமுள்ள உறவுக்காரருக்குக் கொடுங்கள். வருஷத்துக்கு வாங்கி வைக்கும் புளி, மிளகாய், ராகி எதையும் இந்த வருஷம் வாங்க வேண்டாம். இருப்பதைத் தீர்த்துக்கொண்டே வாருங்கள். காலி ஜாடியைத் தூக்குவது சுலபம். லீ பஜாரிலிருந்து மூட்டையாக வாங்கும் பழக்கமும் புது வீட்டுச் சமையலறைக்குச் சரிப்படாது.

கட்டுவதற்குப் பெட்டி வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அட்டைப்பெட்டியும் அரிசிச் சிப்பமும் போதும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், பெரிய பெட்டியில் நிரப்பினால் அடி கழன்றுவிடும். பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் பழைய வேட்டி, தலையணை உறை. எப்படியும் துணியைக் கொண்டுபோகத்தானே போகிறோம். பெட்டிமேல் எழுதுவதைப் பக்கவாட்டில் எழுதுங்கள். மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துப் பனிக்கட்டியை உருக விட்டு, நிமிர்த்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால் இறக்கி நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் அமிலம் இருக்கிறது, அதையும் சாய்க்கக் கூடாது. ஏசியைக் கழற்ற மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்றுவார்.

ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, உப்பு, மஞ்சள், அரிசி, விளக்கோடு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். அன்றே எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். தூரம் குறைவு என்பதால் ஒரே லாரிக்குப் பதில் குட்டி யானையை வேறு வேறு நாளில் கூப்பிடலாம். அதன் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஏற்றக்கூடிய எடை சுமார் 750 கிலோ. முதல் நடையில் கட்டிலும் பீரோவும் போய், சுவரோரம் நின்றபின் மிச்சத்தைப் பார்த்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இன்னொரு முறை தெளிவாகத் தெரியும். பத்துப் பதினைந்து நாள் இரண்டு வீடும் கையில் இருப்பது கூடுதல் செலவுதான். வயதானவர்களின் உடம்புக்கு அது மிச்சம்.

மூலப்பத்திரம், பட்டா, நகைக்கடன் அட்டை, பேங்க் ரசீது, எல்ஐசி பாலிசி, மருந்துச் சீட்டு, நகை எல்லாம் ஒரே பையில் உங்கள் மடியில் வர வேண்டும், வண்டியில் ஏற்றக் கூடாது. அட்டாலியிலும் பீரோ லாக்கரிலும் கிடக்கும் பழைய காகிதத்தை எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு கவராகப் பிரித்துப் பாருங்கள். திருப்பாத அடகுச் சீட்டும் முதிர்ந்துபோன வைப்புச் சீட்டும் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருக்கக்கூடும்.

வீட்டை ஒப்படைக்கும் அன்று கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார், ரேஷன் அட்டை முகவரியை இ-சேவை மையத்தில் மாற்றலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கேஸ் ஏஜென்சியில் உள்ளூர் மாற்றம் என்று சொல்லிப் புது முகவரியைப் பதியுங்கள். பிள்ளைகள் இருக்கும் ஊருக்கே போவதானால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்குங்கள், கட்டிய டெபாசிட் திரும்ப வரும். இணைப்பு வாங்கிய காலத்துச் சந்தாச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், அதுவும் அந்தக் கல்யாணப் பத்திரிகைகளோடுதான் இருக்கும்.