நாக்கைப் பார்ப்பதற்கு முன், பால் குடிப்பதைப் பாருங்கள்

வாலாஜாபாத், தென்னேரி, ஒரகடம் சுற்றுவட்டாரங்களிலிருந்து எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வரும் இளந்தாய்மார்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு கவலையோடு வருகிறார்கள். ஒருவர், “குழந்தையின் நாக்கு கீழே ஒட்டியிருக்கிறது, வெட்டாவிட்டால் பேச்சு வராது என்கிறார்கள்” என்பார். மற்றொருவர், “மணிக்கணக்கில் குடித்தும் குழந்தை அழுகிறது, எனக்குப் பால் போதவில்லை என்று வீட்டில் பால்மாவு வாங்கிவிட்டார்கள்” என்பார். முதலாமவரின் குழந்தைக்குப் பல வேளைகளில் எச்சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. இரண்டாமவரின் குழந்தைக்கோ அதுவரை எவரும் நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கமாட்டார்கள். தேவையற்ற வெட்டு, தேவையான வேளையில் தாமதம் ஆகிய இரண்டையும் தவிர்க்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாக்கு ஒட்டு என்பது என்ன?

நம் எல்லோருக்கும் நாக்கின் அடிப்பக்கத்தை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு உண்டு. கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கினால் அதைக் காணலாம். எனவே, சவ்வு இருப்பது நோயன்று. அது மிகக் குட்டையாகவோ, இறுக்கமாகவோ, நாக்கின் நுனிக்கு அருகிலோ அமைந்து, நாக்கின் அசைவைத் தடுத்தால் மட்டுமே அதை நாக்கு ஒட்டு என்கிறோம். மருத்துவத்தில் இதற்கு ‘ஆங்கிலோகிளாசியா’ என்று பெயர். பல ஆய்வுகளின்படி 100 குழந்தைகளில் சுமார் 4 முதல் 10 குழந்தைகளுக்கு இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். இக்குழந்தைகளுள் பலர் சிரமமின்றித் தாய்ப்பால் குடித்து வளர்கிறார்கள்.

பால் குடிப்பதில் நாக்கின் வேலை

குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. நாக்கு கீழ் ஈறைத் தாண்டி நீண்டு, காம்பையும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் தாங்கிக்கொள்கிறது. பின்னர் நாக்கு கீழிறங்கும்போது வாய்க்குள் உறிஞ்சு விசை உண்டாகிப் பால் வருகிறது. நாக்கு நீளவோ உயரவோ முடியாதபோது குழந்தை ஈறுகளால் காம்பைக் கடித்துப் பிடிக்க முயல்கிறது. தாய்க்குக் காம்பு புண்ணாகிறது. குழந்தைக்குப் பால் குறைவாகக் கிடைக்கிறது. மார்பு முழுமையாகக் காலியாகாததால் சில நாட்களில் பால் சுரப்பும் குறைகிறது. ‘பால் போதவில்லை’ என்ற பழி தாயின் மேல் விழுவது இவ்வாறுதான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தாயிடம்: பால் கொடுக்கும் நேரம் முழுவதும் நீடிக்கும் வலி, காம்பில் வெடிப்பு, குழந்தை வாயை எடுத்தபின் காம்பு நசுங்கியோ ஒருபுறம் சரிந்தோ காணப்படுதல், அடிக்கடி பால் கட்டிக்கொள்ளுதல்.

குழந்தையிடம்: மார்பைப் பற்றியதும் நழுவிவிடுதல், குடிக்கும்போது ‘டக் டக்’ என்ற ஒலி, நெடுநேரம் குடித்தும் பசியடங்காமை, அழும்போது நாக்கின் நுனி இதய வடிவில் பிளந்து தோன்றுதல், எடை ஏறாமை.

பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஆயினும் இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்ட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் குறைந்தது ஆறு முறை சிறுநீர் கழிக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

மேற்கண்ட அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் நாக்கே காரணம் என்று கொள்ளலாகாது. குழந்தையைப் பிடிக்கும் முறை சரியாக இல்லாமை, குறைமாதப் பிறப்பு, வாயில் வெண்புண், பின் அண்ணத்தில் பிளவு, தாயின் தைராய்டு குறைபாடு ஆகியவையும் இதே சிரமங்களைத் தரும். ஆகவே முதலில் ஒரு முழுப் பாலூட்டலை அருகிலிருந்து பார்க்கிறோம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா, வாய் அகலத் திறக்கிறதா, தாடை மார்பில் படுகிறதா என்று பார்த்துத் திருத்துகிறோம். பலருக்கு இத்திருத்தமே போதுமானதாகிவிடுகிறது. அதன் பின்னரும் வலியோ எடைக்குறைவோ தொடர்ந்து, நாக்கின் அசைவும் தடைப்பட்டிருந்தால் மட்டுமே சவ்வை வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறோம்.

சிகிச்சை எவ்வாறு செய்யப்படுகிறது?

முதல் சில மாதங்களில் இதற்கு முழு மயக்கம் தேவையில்லை. குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நாக்கை உயர்த்தி, நுண்ணிய கத்தரிக்கோலால் சவ்வை வெட்டிவிடுகிறோம். சில நொடிகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் சில துளி இரத்தமே வரும். உடனே தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறோம். அது வலியையும் தணிக்கும். வெட்டிய இடத்தில் சில நாட்கள் வெண்ணிறப் படலம் தெரியும். அது புண் ஆறுவதன் அடையாளம், சீழ் அன்று.

அரிதாக இரத்தக் கசிவு நீடிக்கலாம், நோய்த்தொற்று ஏற்படலாம், உமிழ்நீர்க் குழாய் காயமடையலாம், சவ்வு மீண்டும் ஒட்டலாம். எனவே பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்கிறோம். மருத்துவமனைக்கு வெளியே எவரும் நகத்தாலோ பிளேடாலோ இதைச் செய்ய ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

எந்த அளவு பயன் தரும்?

2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. இச்சிகிச்சைக்குப் பின் தாயின் காம்பு வலி குறைவது அதில் தெரிந்தது. குழந்தை பால் குடிக்கும் திறன் எல்லா ஆய்வுகளிலும் ஒன்றுபோல மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இது உரிய குழந்தைக்கு உதவும் சிறு சிகிச்சையே தவிர, எல்லாப் பாலூட்டல் சிரமங்களையும் தீர்க்கும் மருந்தன்று. லேசர் முறை கத்தரிக்கோலைவிடச் சிறந்தது என்பதற்கும், வெட்டியபின் காயத்தை விரலால் இழுத்துவிடும் பயிற்சிகள் தேவை என்பதற்கும் போதிய சான்று இல்லை.

பேச்சைப் பற்றி: பிற்காலப் பேச்சுக் குறையைத் தடுப்பதற்கென்று, நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையின் சவ்வை வெட்ட வேண்டியதில்லை. பேசத் தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு

சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களில் பால் சுரப்பைக் காப்பதே முதன்மையான வேலை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையால் பாலைப் பீய்ச்சி, நம் வீடுகளில் உள்ள பாலாடையால் புகட்டுங்கள். புட்டிப்பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், சேனை வேண்டா.

தொழிற்சாலையில் பணிபுரியும் தாய்மார்களுக்கு ஒரு சொல். முதல் இரண்டு பேறுகளுக்கான மகப்பேறு விடுப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. ஆனால் பால் சுரப்பு நிலைபெறுவது முதல் சில வாரங்களிலேயே. ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று இரண்டு மாதம் வலியைப் பொறுத்திருந்து வருபவருக்கு நாக்கைச் சரிசெய்வது எளிது; வற்றிய பாலை மீட்பதே கடினம். சொந்த ஊரை விட்டு வந்து, உதவிக்குப் பெரியவர்கள் இன்றி இருக்கும் வீடுகளில் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று கேட்டுக் குறித்துவைத்தாலே பேருதவியாகும்.

குழந்தை பாலுக்கு எழாமல் சோர்ந்திருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், காய்ச்சல் கண்டாலும், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்ற ஐயங்களுக்கு, தாய்சேய் நல அட்டையுடன், குழந்தை பசித்திருக்கும் வேளையாகப் பார்த்து வாருங்கள். குழந்தை பால் குடிப்பதை எங்கள் கண்ணால் பார்த்த பிறகே நாக்கைப் பற்றி முடிவெடுப்போம்.