போக்காடு யார்?



இங்கிலீஷில் "ஸ்கேப்கோட்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊரான் செய்த தப்புக்குப் பழி சுமக்கிறவன் என்று அர்த்தம். அது வேதத்தில் பிறந்த வார்த்தை. 1530-ல் வில்லியம் டிண்டேல் லேவியராகமம் 16-ஐ மொழிபெயர்த்தபோது உண்டாக்கினார். நம்முடைய வேதாகமத்தில் அது "போக்காடு".

கவனியுங்கள்! அங்கே வெள்ளாட்டுக்கடா இரண்டு. ஒன்று பலியாகும். மற்றதின் தலையில் ஆரோன் கைகளை வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். உலகம் பழியை மட்டும் போடுகிறது, அறிக்கையை விட்டுவிட்டது.

வீட்டில் கடன் வந்தால் மருமகள் வந்த நேரம், சபையில் எழுப்புதல் இல்லையென்றால் பாஸ்டர் சரியில்லை என்று நாமும் ஆடு தேடுகிறோமே! நம் அக்கிரமத்தைச் சுமக்க இயேசு ஒருவர் போதும் (ஏசாயா 53:6). விரலை மடக்குங்கள், முழங்காலை மடக்குங்கள். ஆமென்.