மனசில் பட்ட அடி உடம்பிலும் தெரியும்



"மழை இறங்கினா நெஞ்சு படபடங்குது. தூக்கமே வர்றதில்ல. டிஸ்பென்சரி மருந்துக்கும் கேட்கல." மண்சரிவைக் கண்ட லயங்களில் இப்படிச் சொல்பவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். சிலர் இதைப் பேய்க்கோளாறு என்பார்கள். சிலர் வேலைக்குப் போகாமலிருக்க நடிப்பு என்பார்கள். இரண்டும் தவறு.

உடம்பில் என்ன நடக்கிறது?

ஆபத்து வந்தால் ஓடவும் எதிர்த்து நிற்கவும் உடம்பு தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், பிரசர் ஏறும். ஆபத்து போனதும் இது அடங்க வேண்டும். சிலருக்கு மாதக்கணக்கில் அடங்குவதில்லை. தூக்கம் கெடும், தலைவலியும் வயிற்றெரிச்சலும் வரும். வருடக்கணக்கில் நீடித்தால் இருதய நோய்க்கும் இடமுண்டு. மறக்க வேண்டுமென்று சாராயத்தைத் தொட்டால் ஈரலும் கெடும்.

இது எந்த இனத்துக்கு?

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி பெரலியவில் சிங்களவரையும், முல்லைத்தீவில் தமிழரையும், மருதமுனையில் முஸ்லிம்களையும் அடித்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பயம் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது.

ஆனால் அது ஆறுவது ஒரே மாதிரி இல்லை. பாதுகாப்பான வீடும், கையில் நாலு காசும், பக்கத்தில் ஆஸ்பத்திரியும், தன் பாஷையில் கேட்கும் டாக்டரும் உள்ளவர் சீக்கிரம் தேறுவார். அதே மலையடிவாரத்தில் அதே லயத்துக்குத் திரும்புகிறவருக்கு ஒவ்வொரு மழையும் புதுக்காயம். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று பலர் போவதுமில்லை.

சூழ்நிலை உடம்பைத் தாக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். "நம்ம சனத்தோட இரத்தமே அப்படி" என்று சொல்லிவிடாதீர்கள். சாப்பாடு, வருமானம், சுத்தமான தண்ணீர், தாயின் உடல்நலம் இவைதான் பெரிய காரணங்கள். இவற்றை மாற்றலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. நெஞ்சு வலித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனசுதான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்சைக் கூப்பிடலாம், காசில்லை.

2. டாக்டரிடம் வலியை மட்டுமல்ல, நடந்த சம்பவத்தையும் சொல்லுங்கள். சிங்களம் பேச வராவிட்டால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

3. பயந்த பிள்ளையை அதட்டாதீர்கள். பக்கத்தில் இருங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள், விளையாட விடுங்கள்.

4. மனம் தாங்காதபோது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசலாம். உயிரை விட நினைப்பவரைத் தனியே விடாதீர்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் லயத்தில் முன்பு போல் பேசாமல் ஒதுங்கி இருப்பவர் யார்? கடைசியாக அவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டது எப்போது?