அரக்குத் தட்டுகளைப் படிக்கும் முறை

பழைய கிராமபோன் தட்டுகளைச் சேகரிப்பதில் பல வருஷங்களைக் கழித்தவன் என்ற முறையில், இந்தக் காரியத்தில் புதிதாகப் பிரவேசிக்கும் அன்பர்கள் எவரேனும் என்னிடம் யோசனை கேட்டால், தட்டு கைக்கு வந்தவுடனே அதைச் சுழலவிட்டு ஊசியை வைத்துவிட வேண்டுமென்று எழுகின்ற ஆவலைச் சற்றே அடக்கிக்கொண்டு, முதலில் அதைப் படியுங்கள் என்றே சொல்லி வருகிறேன். பாட்டு எங்கும் ஓடிப்போய்விடாது. அதைப் பாடியவர் யார், எந்தக் காலத்தில், எந்தக் கம்பெனிக்காக, எத்தனையாவது முயற்சியில் பாடினார் என்பதற்கான சாட்சியங்களோ, மங்கிய லேபிளிலும், அதைச் சுற்றியுள்ள வெற்று வளையத்திலும், கிழிந்த காகித உறையிலும் சிதறிக் கிடப்பவை. ஓர் ஈரத் துணியை அஜாக்கிரதையாகப் பிரயோகித்தால் அவற்றிற் பாதி அழிந்துவிடும்.

தட்டு எந்த வஸ்துவால் ஆனது என்று தெரிந்துகொண்டால், அதைப் பேணும் விதமும் பெரும்பாலும் விளங்கிவிடும். சோட்டா நாகபுரிப் பிரதேசத்துக் காடுகளில் பலாசம், குசும், இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அடையும் சிறு பூச்சிகள் சுரக்கின்ற அரக்கைச் சுத்தம் செய்து, அதனுடன் கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் கலந்து, சூட்டில் குழைத்து, அச்சுகளின் நடுவே அழுத்தி எடுத்தவையே இத்தட்டுகள். கலவையில் அரக்கைக் காட்டிலும் கற்பொடியே அதிகம். எஃகு ஊசி ஓடத் தொடங்கிய முதற் சில சுற்றுகளிலேயே அதன் முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவுக்கு இணங்கச் செய்வது அந்தப் பொடியின் வேலை. அவ்வாறு தேய்ந்த ஊசியையே அடுத்த பக்கத்துக்கும் வைத்தால், உளிபோலாகிவிட்ட அதன் முனை பள்ளத்தின் சுவர்களைச் செதுக்கிவிடும். ஆகையால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அந்நாளில் விதியாக இருந்தது. இந்த விதியைப் பொருட்படுத்தாத வீடுகளிலிருந்து வருகிற தட்டுகள், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். தச்சர்கள் மெருகு பூசுவதற்கு அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். ஆதலால் இத்தட்டுகளின் அருகே ஸ்பிரிட்டையோ அது கலந்த எந்தத் திரவத்தையோ கொண்டுவரலாகாது.

லேபிளைப் படிப்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தபோது, மெழுகில் பதிந்த மூலங்கள் ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரத்துக்குக் கப்பலில் போய், அங்கே தட்டுகளாக அச்சாகி, மறுபடி இந்தியாவுக்கு வந்து விற்பனையாயின. பாடி முடித்ததும் பாடகி தம் பெயரை உரத்த குரலில் சொல்வது அக்காலத் தட்டுகளில் கேட்கிறதல்லவா? மொழி தெரியாத தொழிலாளர் எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று மயங்காதிருக்கவே அந்த ஏற்பாடு. 1908இல் கல்கத்தாவின் சியால்டா பகுதியில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகு அச்சிடும் வேலை நம் நாட்டுக்கே வந்தது. 1920களின் இறுதியில் டம்டம்மில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஒரு பக்கம் மட்டுமே பாட்டுள்ள தட்டும், ஹனோவர் என்ற பெயருள்ள லேபிளும், தேவதை இறகுப் பேனாவால் வட்டத் தட்டில் எழுதுகின்ற முத்திரையும், நாய்ச் சின்னம் பரவுவதற்கு முந்திய காலத்தைக் காட்டும் அடையாளங்கள்.

ஆயினும் லேபிள் சொல்வது அந்தப் பிரதி அச்சான காலத்தையே. ஜனங்கள் விரும்பிய பாட்டுகளைக் கம்பெனிகள் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, லேபிளின் நிறத்தையும் சித்திரத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தன. பதிவான காலத்தை அறிய வேண்டுமானால், லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில், சில சமயம் லேபிளின் காகிதத்துக்கு அடியிலேயே, புடைத்தோ குழிந்தோ காணப்படும் மாட்ரிக்ஸ் எண்ணைத்தான் நாட வேண்டும். அது மூல மெழுகுக்குரிய எண். லேபிள் எத்தனை முறை மாறினாலும் அது மாறுவதில்லை. அதை அடுத்துச் சிறியதாக ஓர் இலக்கம் இருந்தால், அதே பாட்டை இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பாடிப் பதிந்தார்கள் என்று கொள்ளலாம். ஒரே விற்பனை எண்ணுள்ள இரண்டு தட்டுகளில் ஸங்கதிகள் வேறுபடுவதைக் கேட்டு வியப்பவர்கள் இந்தக் குறியைப் பார்த்தால் காரணம் புலப்படும். அறையை இருட்டாக்கி, சிறு டார்ச் விளக்கைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்துப் பார்ப்பது நல்லது. அப்படியும் தெரியாவிட்டால், மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் மிருதுவாகத் தேய்த்தால் எண் எழும்பி வரும். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் முதலில் எழுதுவது மாட்ரிக்ஸ் எண்; அதன் பிறகே விற்பனை எண், பெயர், ராகம், தாளம். பெயர்களை லேபிளில் உள்ள எழுத்துக்கள் மாறாமல், ‘மிஸ்’ என்ற அடைமொழியும் ஊர்ப்பெயரும் விடாமல், அப்படியே எழுதிவைக்கிறேன். அந்த அடைமொழிகள் எவரிடமிருந்து எப்போது நீங்கின, ‘ஸ்ரீமதி’ எப்போது வந்து சேர்ந்தது என்பது நம் சமூக சரித்திரத்தின் ஓர் அத்தியாயம். அதைத் திருத்தி எழுதும் அதிகாரம் சேகரிப்பவனுக்கு இல்லை.

லேபிளே உதிர்ந்து போன தட்டுகளும் உண்டு. தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் அப்படிப்பட்ட தட்டு ஒன்றைச் சுழலவிட்டபோது, தூணோரம் சாய்ந்திருந்த ஆச்சி ஒருவர், முதலடி முடிவதற்குள்ளாகவே, “இது சுந்தராம்பா தட்டு, தம்பி. எங்க அக்கா கலியாணத்துக்கு அப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்தாக” என்றார். பாடகி கே. பி. சுந்தராம்பாளின் குரலை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். என்னைக் கவர்ந்தது கலியாணமும் ரங்கூனும்தான். அந்த வீட்டு மொய்க் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது கலியாணத்தின் தேதி கிடைத்தது. தட்டு அதற்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்ற மேல் எல்லை அதனால் உறுதியாயிற்று. உறையின் மூலையில் ஒட்டியிருந்த ரங்கூன் கடையின் சிறு சீட்டு அதற்குத் துணைச் சாட்சி. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் நம்மவர் பர்மாவை விட்டு நடந்தும் கப்பலேறியும் திரும்பிய பிறகு அந்த வழியாகத் தட்டுகள் வருவது நின்றுவிட்டதல்லவா? ஆகையால் வீடுகளில் தட்டு வாங்குகிறவர்கள், விலை பேசி முடிந்ததும் புறப்பட்டுவிடாமல், உறைகளையும் பட்டியல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் கேட்டு வாங்குவதோடு, அங்குள்ள முதியவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்வதும் அவசியம்.

சுழற்சி வேகத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல ரசிகர்களும் ஏமாறுகிற இடம் அது. இத்தட்டுகளை ‘எழுபத்தெட்டு’ என்று அழைக்கிறோமாயினும், நிமிஷத்துக்கு 78 சுற்று என்ற நிர்ணயம் பிற்காலத்தில் ஏற்பட்டது. ஆரம்பத் தட்டுகள் எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேற்பட்ட வேகம் வரையில் பலவாறாகப் பதிவாயின. 78இல் சுழல வேண்டியதை ஏறக்குறைய 82½இல் சுழற்றினால் சுருதி அரைக் கட்டை உயர்ந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாகத் தோன்றும், கமகங்கள் நடுங்கும், சாரீரம் மெலிந்து சிறுபிள்ளைக் குரலாகும். இப்படித் தவறான வேகத்தில் பிரதியெடுக்கப்பட்ட பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இன்ன வித்வானுக்கு இன்ன சுருதி என்று எழுதிவிடுகிறார்கள். பக்கவாத்தியமாக ஹார்மோனியம் இருந்தால் நமக்கு ஓரளவு பிடி கிடைக்கிறது. தட்டின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு இடையில் எங்கோ நின்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்நாளைய ஹார்மோனியங்கள் எல்லாம் ஒரே அளவில் சுருதி சேர்க்கப்பட்டவை அல்ல என்பதால், அதையே முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. அதே பாடகர் அதே காலத்தில் பாடிய வேறு தட்டுகளோடு ஒப்பிட வேண்டும். பல தட்டுகளாக வெளிவந்த நாடக செட்டுகளில் நடுநடுவே வருகிற வசனம் மிகவும் உபகாரமானது. பாட்டில் நம் காதை ஏமாற்றும் வேகம், மனிதர் பேசுகிற பேச்சில் ஏமாற்றுவதில்லை.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலும், பன்னிரண்டு அங்குலத் தட்டின் பக்கம் நான்கு நிமிஷத்துக்குச் சற்று மேலும்தான் ஓடும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் யாவும் அடங்க வேண்டுமென்பதால் வித்வான்கள் காலப்பிரமாணத்தை விரைவுபடுத்தினார்கள். முந்திய தலைமுறையினர் கச்சேரிகளிலும் இப்படியே வேகமாகப் பாடினார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வாறே, 1925க்குப் பிறகு மின்சார முறையும் மைக்ரோபோனும் பரவும் வரையில், பாடுகிறவர் ஒரு பெரிய குழாயின் வாயை நோக்கிப் பலமாகப் பாட வேண்டியிருந்தது; மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெழுகில் ஏறவே இல்லை. தட்டில் மிருதங்கம் கேட்கவில்லை என்பதால் வாசித்தவர் இல்லை என்றாகாது. பாடாந்தரமும், உச்சரிப்பும், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் செல்லுகிற பாங்கும்தான் அந்தத் தட்டுகள் நமக்கு நம்பகமாகத் தருகிற செல்வங்கள். பிரான்ஸ் தேசத்துச் சங்கீத கர்த்தாவும் ராவலின் சீடருமான மொரீஸ் தெலாஜ், பாடகி கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டு அதன் போக்கிலேயே ‘ராகமாலிகா’ என்ற, குரலும் பியானோவும் சேர்ந்த உருப்படியை இயற்றியிருக்கிறார். 1917இல் மறைந்த தாயியின் கானம் பாரீஸ் நகரத்தில் ஸ்வரக் குறிப்பாக உருவெடுத்தது இந்த அரக்குத் தட்டினால்தான். அந்த உருப்படியையும் தாயியின் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்படி சங்கீதம் பயிலும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வதுண்டு.

ஆராய்ச்சிக்கு உரிய நூல்களும் இடங்களும் அதிகமில்லை; ஆனால் இருப்பவை உயர்ந்தவை. மைக்கேல் கின்னியர் தொகுத்த ஆரம்பகாலப் பதிவுகளின் அட்டவணைகளை அருகில் வைத்துக்கொள்ளாமல் 1908க்கு முற்பட்ட தட்டுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதலாகாது. மும்பையில் 1990இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் வெளியிட்ட இதழ்களில் சேகரிப்பவர்களே எழுதிய கட்டுரைகள் நிறைந்திருக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால், தட்டில் தெளிவாகக் கேட்காத சாகித்தியம் அச்செழுத்தில் கிடைக்கும். பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களையும் அலட்சியம் செய்யக் கூடாது. புதுத் தட்டுகளைப் பற்றிய அறிவிப்பு வந்த இதழின் தேதி, நாம் தேடுகிற தேதிக்கு மிகவும் சமீபமானது.

வாங்குகிற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு சென்னையில் அதற்கு ஈடான இடம் ஏற்படவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும், ஊர்தோறும் உள்ள காயலான் கடைகளிலும் இன்னும் கிடைக்கின்றன. நாடக செட்டில் ஒரு தட்டு குறைகிறதென்று மற்றவற்றை விட்டுவிட வேண்டாம். குறைந்தது வேறோர் ஊரில் அகப்படும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டை, லேபிளை நனைக்காமல், வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, சுத்த நீரால் அலசி, நிழலில் உலர்த்தி, புதிய உறையிலிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடித்தட்டு நொறுங்கும், வெயில் பட்டால் நெளியும். ஒலியைக் கணினியில் பிரதியெடுக்க விரும்புவோர், லாங் பிளே தட்டுக்குரிய நுண்ணிய ஊசியை இதில் வைக்கக் கூடாது. அது பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கைத்தான் வாசிக்கும். அதைப் போல மும்மடங்கு பருமனுள்ள, ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி வேண்டும். இரைச்சலை நீக்காத மூலப் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, சுத்தம் செய்வதை மற்றொரு பிரதியில் செய்யலாம். இன்றைய கருவியால் நீக்கிய இரைச்சலோடு தம்புராவின் நாதமும் போய்விட்டதென்று பின்னால் தெரியவந்தால், திரும்பிச் செல்ல இடம் வேண்டுமல்லவா?

உடைந்த தட்டுகளை நான் எறிவதில்லை; பிறரையும் எறிய விடுவதில்லை. துண்டுகளை ஒரு தட்டையான பலகையின் மேல் பள்ளங்கள் நேருக்கு நேர் பொருந்தும்படி சேர்த்து, விளிம்பிலும் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்திலும் மட்டும் சிறு ஒட்டுநாடாவால் பிணைத்து, சுழல்மேசையில் ஏற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசலின் தட்டொலி கேட்குமே தவிர, பாட்டு பெரும்பாலும் முழுமையாகவே வந்துவிடுகிறது. அந்தத் தட்டொலிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கிவிடலாம். ஒரு துண்டு காணாமலே போயிருந்தாலும், எஞ்சியதில் மாட்ரிக்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டு, துண்டுகளை உறையிலிட்டு, உறையின் மேல் அந்த எண்ணை எழுதி வைக்கிறேன்.