ரெண்டு பேருக்கு ஒரு ஹேமாக் ஸ்டாண்ட்: 30 டிகிரி கணக்கு

ஹாஸ்டல் மொட்டை மாடியில ஹேமாக் கட்டிப் படுக்கணும்னு ஆசை இருக்கா? அங்க இருக்கிற செங்கல் தூண்ல கயிறு கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை பாருங்க.

வீட்டில் குழந்தைக்குத் தூளி கட்டும்போது, சேலையின் ரெண்டு முனையும் உத்திரத்தில் ஒரே இடத்தில் சேரும். எடை நேரா கீழே இறங்கும், அவ்வளவுதான். ஹேமாக் அப்படி இல்லை. முனைகள் ரெண்டு பக்கமா விலகிப் போவதால், அது ரெண்டு தூணையும் உள்பக்கமா இழுக்கும். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்துக்காகக் கட்டியது, பக்கவாட்டு இழுப்புக்காக இல்லை. அது சரிந்தால் படுத்திருப்பவர் மேலதான் விழும்.

எவ்வளவு இழுக்கும்? முதல் வருஷம் படிச்ச மெக்கானிக்ஸ் போதும்.

கயிற்றின் இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்)

கோணம்னா கயிறு கிடைமட்டத்தோட சேரும் கோணம். ஆளுக்கு 70 கிலோன்னு ரெண்டு பேருக்கு 140 கிலோ வெச்சுக்கலாம். 30 டிகிரியில் ஒவ்வொரு கயிற்றிலும் 140 கிலோ இழுப்பு. அதில் உள்பக்கமா இழுப்பது சுமார் 121 கிலோ. கயிறு நல்லா விறைப்பா இருக்கட்டும்னு 10 டிகிரியில் கட்டினா, உள்பக்க இழுப்பு 397 கிலோ ஆகிடும். ஆள் அதே ஆள், எடையும் அதே எடை!

நம்ம ஸ்டாண்டோட டிசைனே இதிலிருந்துதான் வருது. ரெண்டு பக்கமும் ஒரு முக்காலி, மேல குறுக்கே ஒரு பைப். உள்பக்க இழுப்பு முழுசையும் அந்தப் பைப் தாங்கிக்கும். முக்காலிக்குக் கீழ்நோக்கிய 70 கிலோவும், பைப்போட எடையில் பாதியும்தான் வரும்.

குறுக்கு பைப்: 40 மி.மீ. மீடியம் கிளாஸ் ஜி.ஐ. பைப், 1.8 மீட்டரில் ரெண்டு துண்டு. நடுவில் சேர்க்க 32 மி.மீ. பைப் 40 செ.மீ. வேணும். அது அப்படியே உள்ளே நுழையாது. லேத்தில் வெளி விட்டத்தை 42.4-லிருந்து 41.5 மி.மீ.க்குக் கடைஞ்சுக்கோங்க. 3.6 மீட்டர் முழுப் பைப்புக்கு ஆய்லர் ஃபார்முலா போட்டா, வளைய சுமார் 1,800 கிலோ தேவைப்படும். தொபுக்குன்னு உக்காந்தா விசை ரெண்டு மடங்காகி 242 கிலோ வரும். நடுவில் ஜாயின்ட் இருக்கு, அதோட பலம் குறையும். அதனாலதான் இவ்வளவு மார்ஜின் விடுறோம்.

கால்கள்: பந்தலுக்குப் போடுற சவுக்குக் கம்பு, 1.8 மீட்டரில் ஆறு. மும்மூணா மேல் முனையிலிருந்து 10 செ.மீ. விட்டுக் கயிற்றால் கட்டி விரிங்க. உச்சி தரையிலிருந்து 1.5 மீட்டர் இருக்கணும். கால்கள் வழுக்கி விரியாம இருக்க, அடியில் மூணையும் சுத்தி ஒரு கயிறு கட்டுங்க.

சேர்ப்பது: பைப்பை முக்காலிகளின் கவட்டையில் வெச்சுக் கட்டுங்க. ரெண்டு முனையிலிருந்தும் 15 செ.மீ. உள்ளே துளை போட்டு 12 மி.மீ. போல்ட் மாட்டுங்க. ஹேமாக் கயிற்றை போல்ட்டுக்கு வெளிப்பக்கம் பைப்பில் சுத்துங்க. அப்பதான் உள்ளே நழுவாது. முக்காலியில் மட்டும் கட்டிடாதீங்க. 3 மீட்டர் ஹேமாக் நடுவில் தரையிலிருந்து அரை மீட்டருக்குள் தொங்கும்.

பிரிச்சா எதுவும் 1.8 மீட்டருக்கு மேல் நீளம் இல்லை. பைப் மட்டும் சுமார் 13 கிலோ. ரெண்டு பேர் தூக்கிட்டுப் போகலாம்.

உக்காரும் முன் டெஸ்ட் கட்டாயம். 20 லிட்டர் வாட்டர் கேன் ஏழு நிரப்பினா 140 கிலோ. ஒவ்வொண்ணா ஹேமாக்கில் வெச்சு, கடைசி கேன் ஏறினதும் கோணத்தைப் பாருங்க: கயிறு 1 மீட்டர் பக்கவாட்டில் போனா 58 செ.மீ. இறங்கணும். அதைவிடக் குறைவா இறங்கினா கயிற்றைத் தளர்த்துங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஜாயின்ட் வளைஞ்சிருக்கா, முடிச்சு நழுவியிருக்கா, கால் நகர்ந்திருக்கான்னு பாருங்க. எல்லாம் சரின்னா முதலில் ஒருத்தர் ஏறுங்க, அப்புறம் இன்னொருத்தர். மூணாவது ஆள் வந்தா கேன் கணக்கை முதலிலிருந்து போடணும்.